பட்டணத்தைச் சேர்க்கலாமா?



ஆடி பிறந்துவிட்டால் அஞ்செட்டியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நம் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் திருநாளுக்கு ஆகஸ்டு 29-ந் தேதி கொடியேறுகிறது. செப்டம்பர் 8-ந் தேதி, தேவமாதா பிறந்த திருநாளோடு நிறைவு பெறுகிறது. யார் யார் போவது, எந்தப் பஸ்ஸை வாடகைக்குப் பிடிப்பது, அரிசியும் பாத்திரமும் யார் கொண்டுவருவது என்று வீடுதோறும் யோசனை நடக்கும். சில ஆண்டுகளாக இந்த யோசனையோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "அவ்வளவு தூரம் போகிறோமே, திரும்பும்போது சென்னைப் பட்டணத்தையும் சேர்த்துக்கொண்டால் என்ன?"

கேட்பதற்கு இது சின்ன விஷயம். பஸ் எந்த ரோட்டில் திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்க டிரைவர் போதுமே, குருவானவர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பினால் நான் செய்த ஒரு பிழையை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

முதலில் பட்டணத்தின் பக்கம் நின்று பேசுவோம். நியாயம் அங்கேயும் இருக்கிறது. சென்னை என்றால் கடைத்தெருவும் கடற்கரையும் மாத்திரம் அல்ல. மயிலாப்பூரில் அப்போஸ்தலரான அர்ச். தோமையாரின் கல்லறைமேல் சாந்தோம் பேராலயம் நிற்கிறது. இப்போதிருக்கும் கட்டடம் 1896-ல் நிறைவேறியது. 1956-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் அதற்குப் பசிலிக்கா என்னும் பட்டம் அளித்தார். பரங்கிமலையின்மேல் 1523-ல் போர்த்துகீசியர் எழுப்பிய கோவில் இருக்கிறது. அப்போஸ்தலர் அந்த மலையில்தான் வேதசாட்சியாக உயிர் கொடுத்தார் என்று பாரம்பரியம் சொல்லுகிறது. சைதாப்பேட்டையில் சின்னமலை இருக்கிறது. 1986 பிப்ரவரி 5-ந் தேதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் சாந்தோமுக்கு வந்து அந்தக் கல்லறையருகில் செபித்தார். நம் தேசத்துக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவருடைய கல்லறையைப் பார்க்க ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ஆசைப்பட்டால் அதைக் குறைசொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆலயங்களை விட்டு மற்றதைப் பேசினாலும், கண்ணால் பார்க்கும் ஆசை பாவமல்ல. நம் வாலிபர்கள் ஓசூர் தொழிற்சாலைகளில் இராப்பகலாக ஷிப்டு மாறி மாறி உழைக்கிறார்கள். சிலர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். உலகத்தின் பல தேசத்தார் பார்க்க வருகிற பெங்களூர் இவர்களுக்குச் சாரமும் சிமெண்டு மூட்டையுமாகத்தான் தெரியும். ஒரு பெயர்பெற்ற நகரத்தை, வேலைக்காரனாக அல்லாமல் விருந்தாளியாக, மனைவி மக்களோடு ஒருநாள் பார்க்கவேண்டும் என்று அவர்கள் விரும்புவது எவ்வளவு இயற்கையானது! கடலையும் கலங்கரை விளக்கையும் படைப்பின் அழகையும் மனிதக் கைவேலையையும் கண்டு பிள்ளைகள் வியப்பதை ஆண்டவர் கோபத்தோடு பார்ப்பார் என்று நான் நம்பவில்லை.

ஆகவே அந்த ஆண்டு, பூசை முடிந்து புளியமரத்தடியில் கூடியபோது இந்த யோசனை வந்ததும், நானே முதலில் தலையாட்டினேன். கணக்குப் போட்டோம். தருமபுரி, சேலம், திருச்சி, தஞ்சாவூர் வழியாக வேளாங்கண்ணிக்குப் போய் அதே வழியாகத் திரும்புவதைவிட, சென்னையைச் சுற்றி வந்தால் சுமார் 200 கிலோமீட்டர் அதிகம். ஓர் இரவு தங்கவேண்டும். இரண்டு வேளைச் சாப்பாடு கூடும். ஆளுக்கு 600 ரூபாய் அதிகமாகும் என்றார்கள். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பழமொழி இருக்கிறதே! எழுதிக்கொண்டோம்.

புறப்பட்ட நாளில் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒரு பாட்டியும் அவளுடைய பேத்தியும் வரவில்லை. பாட்டிக்கு முழங்கால் வலி, நீண்ட பிரயாணம் ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பாட்டி கொடுத்தனுப்பியதென்று ஒரு மெழுகுவர்த்தியும், முடிச்சுப் போட்ட கைக்குட்டையில் கொஞ்சம் காணிக்கைக் காசும் காட்டினாள். எனக்கு மனம் சற்று வருந்தியது. ஆனால் பஸ் புறப்பட்டது. தேன்கனிக்கோட்டை தாண்டுமுன் செபமாலை தொடங்கினோம். பத்து மணி முடிந்து பாட்டு ஆரம்பிக்கவேண்டிய நேரத்தில் ஒரு விநாடி எல்லோரும் சும்மா இருந்தோம். வழக்கமாகப் பாட்டெடுத்துக் கொடுப்பவள் அந்தப் பாட்டி. பிறகு வேறொருவர் தொடங்கினார். நாமும் பாடினோம், மறந்தோம்.

பயணம் நன்றாகவே இருந்தது. மாதாவின் சந்நிதியில் வெகுநேரம் இருந்தோம். சாந்தோமில் பூசை கண்டோம். பரங்கிமலையில் படியேறினோம். மெரினாவில் பிள்ளைகள் அலையில் கால் நனைத்தார்கள். நானும் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன்.

திரும்பி வந்த மறுவாரம் பாட்டியைப் பார்க்கப் போனேன். வாசலில் சாக்கு விரித்து, கூலிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்காலைப்பற்றி விசாரித்தேன். சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் உண்மையைச் சொன்னாள். பேத்திக்கு முந்தின ஆண்டு பெருங்காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் மாதாவிடம் அழைத்து வருகிறேன் என்று நேர்ந்துகொண்டிருந்தாள். பழைய கட்டணத்துக்கு இரண்டு பேருக்கும் காசு சேர்த்து வைத்திருந்தாள். அதற்குமேல் 1,200 ரூபாய்க்கு வழியில்லை. கூட்டத்தில் எழுந்து அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே முழங்காலின்மேல் பழியைப் போட்டாள்.

நான் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "பட்டணத்தில் உங்களுக்கென்ன வேலை பாட்டி, வெறும் கூட்டமும் புழுக்கமும்தான்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டணம் பாக்க எனக்கும் ஆசைதான் சாமி. ஆனா என்கிட்ட யாரும் கேக்கலையே."

இந்த ஒரு வார்த்தை என் இரண்டு பிழைகளையும் சேர்த்துக் காட்டியது. அவள் சம்மதித்தாள் என்று முதலில் நினைத்தேன். அவளுக்கு ஆசையே இல்லை என்று பிறகு நினைத்தேன். இரண்டு தடவையும் அவளைக் கேளாமலே அவளுக்காக நான் பதில் சொல்லிக்கொண்டேன்.

பிரியமானவர்களே, அன்று நாங்கள் செய்த குற்றம் எது? சென்னைக்குப் போனது குற்றமல்ல. பணம் செலவழித்ததும் குற்றமல்ல. ஒருவரும் அவளை வராதே என்று சொல்லவில்லை. சட்டப்படி பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆயினும் ஒரு நேர்ச்சை நிறைவேறாமல் நின்றது. ஒரு விதவை பொய் சொல்ல நேரிட்டது. அந்தப் பொய்யின்மேல் சவாரி செய்து நாங்கள் பட்டணம் பார்த்துவந்தோம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்னும் பழமொழி பணம் உள்ளவர்களுக்குள்ளே செல்லலாம். கையில் இல்லாதவன் பேசாமல் இருந்தால் அது சம்மதமல்ல; மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளுகிறான், அவ்வளவுதான்.

வேதாகமத்தில் ஒரு யாத்திரைக் கூட்டத்தின் கதை இருக்கிறது. திருக்குடும்பம் ஆண்டுதோறும் பாஸ்குத் திருநாளுக்கு ஜெருசலேமுக்குப் போய்வருவது வழக்கம். ஏழைக் குடும்பம்தான், பாலனைக் கோவிலில் ஒப்புக்கொடுத்தபோது ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர்கள் கொடுக்கும் பறவைக் காணிக்கைதான் கொடுத்தார்கள். சேசுபாலனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, திரும்பும் வழியில் அவர் கூட்டத்தில்தான் இருப்பார் என்று நினைத்து ஒருநாள் பிரயாணம் வந்துவிட்டார்கள். பிறகுதான் உறவின்முறையாரிடத்தில் தேடினார்கள், காணோம். தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் என்ன செய்தார்கள்? கூட்டத்தோடு நாசரேத்துக்கு நடந்துகொண்டே, பையன் எப்படியாவது வந்துசேருவான் என்றா சொன்னார்கள்? வந்த வழியே திரும்பினார்கள். மூன்றாம் நாள் கண்டுபிடிக்கும்வரைக்கும் அவர்களுடைய பிரயாணத் திட்டம் வேறொன்றும் இல்லை. எங்கள் பஸ்ஸிலும் எல்லோரும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம். காணாமற்போனவளைப் பாட்டு நின்ற அந்த ஒரு விநாடியில் உணர்ந்தோம், ஆனாலும் திரும்பவில்லை.

பெயர்பெற்ற பட்டணத்தைப் பிரயாணத்தில் சேர்ப்பதா விடுவதா என்னும் கேள்வி அப்போஸ்தலருக்கே வந்திருக்கிறது. அர்ச். சின்னப்பர், இக்காலத்தில் பவுல் என்று சொல்லுகிறோமே அவர், மூன்றாம் பிரயாணம் முடித்துத் திரும்புகையில் எபேசு நகரம் வழியில் இருந்தது. அது சாதாரண ஊரல்ல. உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட அர்த்தெமிஸ் தேவதையின் ஆலயம் அங்கே இருந்தது. ஆயிரக்கணக்கானோர் உட்காரக்கூடிய பெரிய அரங்கம் இருந்தது. ஆசியா நாட்டு வியாபாரம் அதன் துறைமுகத்தில் நடந்தது. சின்னப்பருக்கு அது அந்நிய ஊருமல்ல. ஏறக்குறைய மூன்று வருஷம் அங்கே கண்ணீரோடு உழைத்தவர் அவர். போனால் எத்தனை வீடுகள் கதவு திறந்திருக்கும்! அப்படியிருந்தும் எபேசில் இறங்காமல் கப்பலில் தாண்டிப் போவதென்று தீர்மானித்தார் என அப்போஸ்தலர் நடபடி இருபதாம் அதிகாரம் சொல்லுகிறது. கூடுமானால் பெந்தேகோஸ்து திருநாளுக்கு ஜெருசலேமில் இருக்கவேண்டும் என்பது அவர் அவசரம்.

அந்த அவசரத்துக்கு ஒரு பாரம் இருந்தது. மக்கேதோனியா, அக்காயா முதலிய நாட்டுச் சபைகளில் ஜெருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணம் அவரிடத்தில் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. உரோமையருக்கு எழுதின நிருபத்தில் அவரே இதைச் சொல்லுகிறார். உரோமையைப் பார்க்கவேண்டும் என்று அநேக வருஷமாய் ஆசை. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போகவேண்டும் என்று திட்டம். ஆனால் முதலில் இந்த உதவியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்கிறார். உரோமை அக்கால உலகத்தின் தலைநகர். அதைக்கூடப் பிற்பாடு என்று ஒதுக்கிவைத்தார். கடைசியில் அவர் உரோமையைப் பார்த்தார். விலங்கிடப்பட்ட கைதியாகப் பார்த்தார். ஏழைகளுக்காகத் தள்ளிவைத்த நகரத்துக்கு ஆண்டவரே அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எபேசு நகரத்தை விட்டாரே ஒழிய எபேசு மக்களை விடவில்லை. மிலேத்து என்னும் ஊரில் தங்கி, சபையின் மூப்பர்களை அங்கே வரவழைத்தார். அவர்களோடு முழங்காலிட்டுச் செபித்தார். அவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் உண்டு. நம் ஆண்டவர் ஜெருசலேமுக்குப் போகிற வழியில் எரிக்கோ நகரத்தைக் கடந்துகொண்டிருந்தார். அங்கே தங்குவதற்கு யாரும் அவரை அழைக்கவில்லை. ஆனால் ஒருவன் மரத்தின்மேல் ஏறி எட்டிப் பார்த்தான். ஊரார் வெறுத்த ஆயக்காரன். இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று அவரே அவனிடத்தில் சொல்லிப் பிரயாணத்தை நிறுத்தினார். சின்னப்பர் ஒரு நகரத்தைப் பிரயாணத்திலிருந்து நீக்கினார். ஆண்டவர் ஒரு நகரத்தைப் பிரயாணத்தில் சேர்த்தார். நீக்கினதும் சேர்த்ததும் ஒரே காரணத்துக்காக: பின்னால் நின்ற மனிதர்களுக்காக.

ஆகையால் பட்டணம் நல்லதா கெட்டதா என்று நாம் வாதாடவேண்டியதில்லை. அந்தப் பட்டணத்தைச் சேர்ப்பதனால் பஸ்ஸிலிருந்து இறங்கவேண்டியவர் யார் என்று கேட்டால், வழி தானே தெரிந்துவிடும்.

இதற்கு மறுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். "சாமி, எல்லோரும் மிகவும் ஏழையானவரின் நடைக்கே நடக்கவேண்டும் என்றால் யாரும் எந்த ஊரையும் பார்க்கவே முடியாதே. உழைத்துச் சேர்த்த காசில் பிள்ளைகளுக்குப் பட்டணம் காட்டுவதற்குக்கூட உத்தரவு கேட்கவேண்டுமா?" இது நேர்மையான கேள்வி. நேர்மையாகவே பதில் சொல்லுகிறேன். உங்கள் குடும்பத்தின் பிரயாணம் உங்களுடையது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்கோ மைசூருக்கோ போங்கள், சந்தோஷமாகப் பாருங்கள், வந்து எனக்கும் கதை சொல்லுங்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்து மாதாவிடம் போகிறோம் என்று சொல்லிப் புறப்படுகிற பஸ் பொதுச் சொத்து. அதில் கடைசி இருக்கைக்காரனுக்கு, முதல் இருக்கைக்காரனுக்கு உள்ள அதே உரிமை உண்டு. யாத்திரை என்று பெயர் சூட்டி அவனையும் கூப்பிட்டுவிட்டு, நடுவழியில் அதை உல்லாசப் பயணமாக்கி அவனுக்கு எட்டாமல் செய்வது நியாயமல்ல.

வேறு சிலர், "அப்படியானால் ஏழைகளுக்கு நாங்களே கட்டணம் கட்டிவிடுகிறோம்" என்பார்கள். நல்ல மனது. ஆனால் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது தர்மம். கூட்டத்தில் பெயர் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பாட்டி அப்போதும் முழங்கால் வலி என்றுதான் சொல்லுவாள். நன்மை செய்பவன் தன் வலதுகை செய்வதை இடதுகைக்குத் தெரியாமல் செய்யவேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தது, வாங்குகிறவனுடைய முகத்தைக் காப்பாற்றுவதற்கும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே இவ்வாண்டு பஸ் பேசுவதற்குமுன் மூன்று காரியங்கள் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

முதலாவது, உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். கடற்கரை பார்க்க ஆசையென்றால் கடற்கரை என்றே சொல்லலாம். அதற்கு அர்ச். தோமையாரைச் சாட்சிக்கு இழுக்கவேண்டாம். உண்மையாகவே அப்போஸ்தலரின் கல்லறைக்குப் போகவேண்டுமானால், அங்கே பூசைக்கும் செபத்துக்கும் எவ்வளவு நேரம், கடைத்தெருவுக்கு எவ்வளவு நேரம் என்று எழுதிப் பார்த்தால், நம் யாத்திரை எது என்று நமக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது, கூட்டத்தில் கேட்பதற்குமுன் வீட்டில் கேட்போம். கை தூக்கச் சொல்லித் தீர்மானிப்பது எளிது. ஆனால் கை தூக்க முடியாதவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். பெரிய குடும்பங்களில் ஒவ்வொருவரும் பக்கத்திலுள்ள ஒரு வீட்டுக்குப் போய், "இவ்வளவு ஆகும் போலிருக்கிறது, உங்களுக்கு எப்படி?" என்று தனியாக விசாரிக்கட்டும். விசாரிக்கும்போது, அவர்கள் எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்றும் கேட்கட்டும். ஏழைக்கு நேர்ச்சை மாத்திரமே உண்டு, வேடிக்கை பார்க்கும் ஆசை கிடையாது என்று நான் நினைத்தேனே, அந்தத் தப்பை நீங்கள் செய்யவேண்டாம்.

மூன்றாவது, சென்னையைச் சேர்ப்பது என்று முடிவானால், எல்லோரும் வரும்படியாகச் சேர்ப்போம். ஆறு மாதத்துக்கு முன்பே சிறுகச் சிறுகச் சீட்டுப் பிடிக்கலாம். கோவிலில் ஒரு மூடிய பெட்டி வைத்து, இயன்றவர்கள் போடவும், தேவைப்படுகிறவர்களுக்குக் குருவானவர் மாத்திரம் அறிந்து எடுத்துக்கொடுக்கவும் ஏற்பாடு செய்யலாம். அது இயலாதானால், இவ்வாண்டு மாதாவிடம் மாத்திரம் போய்வருவோம். பட்டணம் எங்கும் ஓடிப்போகாது.

பட்டணம் ஓடிப்போகாது, ஆனால் மனிதர்கள் அப்படியல்ல. அந்தப் பாட்டியை இவ்வாண்டு நான் மறுபடியும் பார்த்தேன். அன்று சாக்குப்போக்காகச் சொன்ன முழங்கால் வலி இப்போது மெய்யாகிவிட்டது. கோவிலுக்கு வருவதற்கே பேத்தியின் தோளைப் பிடித்துக்கொள்ளுகிறாள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. 450 கிலோமீட்டர் உட்கார்ந்து வர அவளால் முடியுமா என்று கேட்டேன். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திக் காலை நீட்டவிட்டால் வருவேன் என்றாள்.

ஆகவே இந்த ஆண்டின் பயணத் திட்டத்தில் இரண்டு இடங்கள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. அவை பெயர்பெற்ற பட்டணங்கள் அல்ல. ரோட்டோரத்தில் நிழலுள்ள ஏதோ இரண்டு இடங்கள். மற்றதையெல்லாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பேசிக்கொள்ளுவோம். வருவதற்குமுன் உங்கள் அண்டை வீட்டுக்கு ஒருதரம் போய்வாருங்கள்.

ஆரோக்கிய மாதா உங்கள் எல்லோருக்காகவும் மன்றாடுவாளாக.